கை போகிறதா, நிற்கிறதா? ஓவியங்களில் சபலத்தையும் தடுமாற்றத்தையும் வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆதாம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான்.

ஜெர்மன் ஓவியர் லூகாஸ் கிரானாக் 1526-இல் தீட்டிய படம் இது. இப்போது லண்டனில் கோர்ட்டால்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. மரத்தில் பாம்பு. சுற்றிலும் மான், சிங்கம், ஆடு, காட்டுப்பன்றி என்று ஒரு கூட்டம். ஏவாள் பழத்தை நீட்டிவிட்டாள். ஆதாமின் ஒரு கை பழத்தின் பக்கம் போய்விட்டது, இன்னொரு கை தலைமுடிக்குள் இருக்கிறது. பரீட்சை ஹாலில் விடை தெரியாத பையன் சொறிவானே, அதே சொறிதல். உலகத்தின் முதல் பாவம் என்று சொல்லப்படும் ஒரு கணத்தை வரையும்போது கிரானாக்குக்கு இந்தச் சின்ன அசைவு தோன்றியிருக்கிறது பாருங்கள், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இந்தப் படத்தைப் பல வருஷம் நான் தவறான முனையிலிருந்துதான் பார்த்தேன். பழம் என்றால் என்ன, பாம்பு என்றால் என்ன, மான் எதைக் குறிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடிக் குறித்துவைப்பேன். பட்டியல் நீளும், படம் மட்டும் ஊமையாகவே இருக்கும். ஒருநாள் அந்தச் சொறியும் கை கண்ணில் பட்டபிறகுதான் வரிசையை மாற்றினேன்: முதலில் கை, பிறகு கால், அப்புறம் இடம், அதற்கும் பிறகு பொருள்கள். படத்தில் இருக்கும் பொருள்கள், என்ன சபலம் என்பதைச் சொல்லும். அந்த ஆள் விழுந்துவிட்டானா, நிற்கிறானா, இன்னும் ஊசலாடுகிறானா என்பதை உடம்புதான் சொல்லும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

தொடங்கும் முன்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு காகிதம், பென்சில், பெரிதாக்கிப் பார்க்க முடிகிற நல்ல தரப் படம், அவ்வளவுதான். வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடம் தன்னிடமுள்ள பழைய ஓவியங்களின் படங்களை இலவசமாகவே தரவிறக்க விடுகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் அப்படித்தான். நெதர்லாந்து ஓவியர் ஹிரோனிமஸ் பாஷின் ஓவியங்களை மிக நுணுக்கமாகப் படம்பிடித்து இணையத்தில் வைத்திருக்கும் ஆய்வுத்திட்டமும் இருக்கிறது. போனில் பார்ப்பதைவிடக் கணினித் திரை நல்லது.

இன்னொன்று, சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் தமிழ் நமக்குப் பெரிய உதவி. சபலம் என்பது ஒரு பொருளின் மேல் மனம் வழுக்குவது. சலனம் என்பது நிலையாக இருந்த மனம் அசைவது. ‘மதில் மேல் பூனை’ என்றால் எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாத நிலை. ‘இருதலைக் கொள்ளி எறும்பு’ என்றால் எந்தப் பக்கம் போனாலும் சுடும். தமிழ் விவிலியம் ‘சோதனை’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. இழுப்பதும் பரீட்சிப்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. படத்தின் முன்னால் உட்கார்ந்ததும், இதில் நடப்பது இவற்றில் எது என்று கேளுங்கள். கிரானாக்கின் ஆதாம் மதில் மேல் பூனை. சில படங்களில் சபலம் மட்டும் இருக்கும், தடுமாற்றம் துளிகூட இருக்காது.

முதல் படி: கையைப் பாருங்கள்

படத்தின் தலைப்பையோ பக்கத்தில் எழுதியிருக்கும் குறிப்பையோ படிக்காதீர்கள். ஐந்து நிமிடம் கைகளை மட்டும் பாருங்கள். யாருடைய கை எங்கே இருக்கிறது? திறந்த உள்ளங்கையா, மூடியதா? தொட்டுவிட்டதா, தொடப் போகிறதா? இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்கின்றனவா?

அந்தக் கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். சபலத்தை வரையத் தெரிந்த ஓவியர்கள் ஒரே ஆளின் இரண்டு கைகளையும் எதிரெதிர் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது பாஷின் ‘மரணமும் கருமியும்’. வாஷிங்டனில் இருக்கிறது. 93 செ.மீ. உயரம், 31 செ.மீ. அகலம், ஒல்லியான மரப்பலகை. ஒடுங்கிய அறைக்குள் ஒரு கட்டில், அதில் சாகக் கிடக்கும் ஒருவன். கதவைத் திறந்துகொண்டு எலும்புக்கூடாக மரணம் உள்ளே வருகிறது, கையில் நீண்ட அம்பு. படுத்திருப்பவனின் தோளில் கைவைத்து ஒரு தேவதூதர், மேலே சன்னலில் இருக்கும் சிலுவையைப் பார்க்கச் சொல்கிறார். கட்டில் திரைக்கு அடியிலிருந்து ஒரு குட்டிப் பேய் பணமூட்டையை நீட்டுகிறது.

இப்போது அவன் கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது மூட்டையின் பக்கம் இருக்கிறது. கண்ணோ கதவைப் பார்க்கிறது. அந்தக் கை வாங்கப் போகிறதா, ‘வேண்டாம்’ என்று தடுக்கிறதா, மரணத்தைப் பார்த்த பயத்தில் தானாக எழுந்ததா? பத்து முறை பார்த்தால் பத்து முறையும் வேறு மாதிரித் தோன்றும். உயிர் போகிற நேரத்தில்கூட முடிவு தெரியாத ஒரு கை. பாஷ் அதை வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கட்டிலின் காலடியில் பச்சை உடையில் இன்னொரு வயதானவர், ஒரு பெட்டிக்கு முன்னால் நிற்கிறார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பேய் பையைப் பிடித்திருக்கிறது, அவர் அதில் காசு போடுகிறார். இன்னொரு கையில் ஜெபமாலை. படுத்திருப்பவனேதான் இவர், நல்ல உடம்போடு இருந்த காலத்தில் இப்படி இருந்தார் என்று பலரும் வாசிக்கிறார்கள். ஒரு கையில் காசு, ஒரு கையில் மாலை: வாழ்நாள் முழுக்க முடிவெடுக்காமலே ஓட்டியவன், கடைசி நிமிடத்தில் மட்டும் எப்படி எடுப்பான்?

இந்தக் காட்சியை பாஷ் வெறுமையிலிருந்து உண்டாக்கவில்லை. 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ‘நன்றாக இறக்கும் கலை’ என்ற சிறு நூல்கள் மரப்பலகை அச்சுப் படங்களோடு பரவலாக இருந்தன. சாகும் மனிதனுக்கு வரும் ஐந்து சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் எதிராக தேவதூதர் தரும் ஐந்து ஆறுதல்கள், கடைசியாக நல்ல மரணம் என்று 11 படங்கள். விசுவாசம் ஆடிப்போவது, நம்பிக்கை இழப்பது, வலியில் பொறுமை இழப்பது, தற்பெருமை, பொருளாசை ஆகியவையே அந்த ஐந்து. அந்த நூல்களில் தேவதூதர் கடைசியில் ஜெயித்துவிடுவார். பாஷ் அந்த ஜெயிக்கும் பக்கத்தை எடுத்துவிட்டு, பாதியில் நிறுத்திவிட்டார்.

ஒரு பயிற்சி சொல்கிறேன், கொஞ்சம் விநோதமாக இருக்கும், ஆனால் செய்து பாருங்கள். படத்தில் இருப்பவரைப் போலவே நீங்களும் உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். கையை அதே இடத்தில் வையுங்கள். அரை நிமிடத்திலேயே உங்கள் உடம்பு சொல்லிவிடும், இந்தக் கை நீள்கிறதா, பின்வாங்குகிறதா என்று. எத்தனை கட்டுரை படித்தாலும் கிடைக்காத தெளிவு இதில் கிடைக்கும்.

இரண்டாம் படி: காலும் கழுத்தும்

மனிதன் தடுமாறும்போது கால் ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமும் இருக்கும். ஆகவே கையை முடித்ததும் பாதத்துக்குப் போங்கள். உடம்பின் எடை எந்தக் காலில்? பாதம் எந்தத் திசையில்? முகமும் அங்கேயே திரும்பியிருக்கிறதா?

நெதர்லாந்தின் ரோட்டர்டாமில், பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், பாஷின் இன்னொரு படம் உண்டு. ‘வழிப்போக்கன்’ என்பார்கள், ‘நடைவியாபாரி’ என்றும் சொல்வதுண்டு, விவிலியக் கதையில் வரும் ஊதாரி மகன் என்று வாசித்தவர்களும் இருக்கிறார்கள். சுமார் 70 செ.மீ. குறுக்களவுள்ள வட்டத்துக்குள் கிழிந்த உடையோடு ஒருவன், முதுகில் கூடை. ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் வீட்டுச் செருப்பு. ஒரு காலில் கட்டு. இடப்பக்கம் இடிந்துபோன ஒரு சத்திரம்: கூரையில் ஓட்டை, வாசலில் கட்டிப்பிடித்து நிற்கும் ஒரு ஆணும் பெண்ணும், சன்னலில் எட்டிப்பார்க்கும் இன்னொருத்தி, முன்னால் தொட்டியில் தின்னும் பன்றிகள். வலப்பக்கம் ஒரு படல், அதற்கு அந்தப்புறம் ஒரு மாடு. பின்னால் நாய் உறுமுகிறது.

கால்கள் படலை நோக்கி நடக்கின்றன. கழுத்தோ திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான் படம். இவன் சத்திரத்திலிருந்து வெளியே வந்தானா, வெறுமனே கடந்து போகிறானா, திரும்பிப் போவானா? படல் மூடியிருக்கிறது. திறந்து போவானா என்பது நமக்குத் தெரியாது. ஒரு கால் வீட்டுக்கும் ஒரு கால் ரோட்டுக்கும் உடுத்தியிருப்பதைப் பார்த்தால், இந்த இரண்டு மனம் அவனுக்கு இன்றைக்குத்தான் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

இந்தப் படத்தைப் பற்றி இன்னொரு செய்தி இருக்கிறது, எனக்கு அதைக் கேட்டதிலிருந்து படமே மாறிவிட்டது. இது முதலில் தனிப் படமாக இல்லை. மூன்று மடிப்புப் பலிபீட ஓவியம் ஒன்றின் இரண்டு கதவுகளுக்கும் வெளிப்பக்கம் தீட்டியது. கதவைச் சாத்தினால் வழிப்போக்கன் முழுசாகத் தெரிவான். திறந்தால் அவன் இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் போய்விடுவான். பிற்காலத்தில் யாரோ பலகைகளை அறுத்துப் பிரித்து, இரண்டு பாதியையும் ஒட்டிவிட்டார்கள். அந்தக் கதவுகளில் ஒன்றின் உள்பக்கம்தான் நாம் பார்த்த கருமி. இன்னொன்றின் உள்பக்கம் பாரிஸ் லூவரில் இருக்கும் ‘முட்டாள்களின் கப்பல்’, அதன் கீழ்த்துண்டு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில். மரத்தின் ஆண்டு வளையங்களைச் சோதித்து இவை ஒன்றாக இருந்தவை என்று உறுதிப்படுத்தினார்கள். நடுப்பலகை கிடைக்கவே இல்லை.

ஆக, அக்காலத்தில் இதன் முன்னால் நின்றவர் முதலில் பார்த்தது முடிவெடுக்காத மனிதனை. அவனை நடுவில் பிளந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஒரு பக்கம் குடியும் கூத்தும், மறுபக்கம் சாவுப் படுக்கையும் காசு மூட்டையும். ஒரு படத்தை வாசிக்கும்போது அது எந்த வடிவத்தில் இருந்தது, எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்று விசாரியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாம் படி: வழி எங்கே போகிறது

இது சுலபமான படி. படத்தில் பாதை, படி, கதவு, படல், வாசல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஐரோப்பிய மரபில் நல்ல வழி மேடேறும், குறுகலாக இருக்கும். கெட்ட வழி சமதளம், நிழல், பூ.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் இத்தாலிய ஓவியர் அன்னிபாலே கராச்சி 1596-இல் தீட்டிய ‘ஹெர்குலிஸின் தேர்வு’. இப்போது நேப்பிள்ஸ் நகரில் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதை கிரேக்கம்: புரோடிகஸ் என்பவர் சொன்னதாக செனபோன் எழுதிவைத்தது. இளைஞன் ஹெர்குலிஸ் தனியாக உட்கார்ந்திருக்க, இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி அறம், ஒருத்தி இன்பம். கராச்சியின் படத்தில் அறம் நமக்கு இடப்பக்கம் நின்று, வளைந்து வளைந்து மலையேறும் பாதையைக் காட்டுகிறாள். உச்சியில் சிறகுள்ள குதிரை பெகாசஸ். வலப்பக்கம் மெல்லிய துணி உடுத்திய இன்பம், காலடியில் இசைக்கருவிகள், சீட்டுக்கட்டு, நாடக முகமூடிகள். நடுவில் தடியோடு ஹெர்குலிஸ்.

நமக்கு இடப்பக்கம் என்றால் அவனுக்கு வலப்பக்கம். கிறிஸ்தவ ஓவியங்களில் இறுதித் தீர்ப்பில் நல்லவர்கள் கிறிஸ்துவின் வலக்கைப் பக்கம் நிற்பார்கள், அதே கணக்கு. ஆனால் இதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழிப்போக்கனில் சத்திரம் நமக்கு இடப்பக்கம்தான் இருக்கிறது. கருமியின் அறையில் சிலுவை இருக்கும் அதே பக்கத்திலிருந்துதான் மரணமும் வருகிறது.

ஹெர்குலிஸுக்குப் பின்னால் ஒரு பனைவகை மரம் நிற்பதையும் கவனியுங்கள். அதன் ஓலை அந்த மரபில் வெற்றியின் அடையாளம். அவன் இன்னும் உட்கார்ந்தே இருக்கிறான், ஆனால் மரம் முடிவைச் சொல்லிவிட்டது. அதனாலேயே இந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அதில் பதற்றம் இல்லை. ரோமில் கர்தினால் ஒடோவார்தோ ஃபார்னேசேயின் தனி அறைக்காகச் செய்த படம் அது. 17 வயதிலேயே கர்தினாலாகி, இந்தப் படம் வந்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். ஓர் இளைஞனுக்கு ‘நீ சரியாகத்தான் தேர்ந்தெடுப்பாய்’ என்று சொல்லும் படம், அப்படித்தான் இருக்கும்.

நான்காம் படி: எந்த நொடி

ஒரே கதையில் முன்பு, அப்போது, பிறகு என்று மூன்று நொடிகள் உண்டு. ஓவியர் எதைப் பிடித்திருக்கிறார்?

ஃப்ளாரன்ஸ் நகரில் பிரான்காச்சி சிற்றாலயத்துக்குள் நுழையும் இடத்தில், எதிரெதிராக இரண்டு சுவரோவியங்கள் இருக்கின்றன, இரண்டும் 1420-களில் வந்தவை. ஒருபக்கம் மசோலினோ தீட்டிய சோதனைக் காட்சி: ஆதாமும் ஏவாளும் அமைதியாக, ஏதோ விருந்துக்கு வந்தவர்கள்போல நிற்கிறார்கள். எதிரே மசாச்சோ தீட்டியது, தோட்டத்திலிருந்து துரத்தப்படும் காட்சி: ஆதாம் முகத்தைப் பொத்திக்கொண்டு வருகிறான், ஏவாள் வாயைத் திறந்து கதறுகிறாள். நடுவில் நடந்த கடி படத்தில் இல்லை. அது உள்ளே நடந்துபோகிற நம்முடைய இடம்.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1504-இல் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட ‘ஆதாமும் ஏவாளும்’ இதற்கு நேர்மாறு. சுமார் 25 செ.மீ. உயரமுள்ள தாள், ஆனால் ‘அப்போது’ என்ற ஒரு நொடியை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்த இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை. ஆதாமின் ஒரு கை காட்டு மரக்கிளையைப் பற்றியிருக்கிறது, இன்னொரு கை ஏவாளை நோக்கித் திறந்திருக்கிறது. ஏவாள் ஒரு கையில் பாம்பிடமிருந்து பழம் வாங்குகிறாள், பின்னால் மறைத்த கையில் இன்னொரு பழம் ஏற்கெனவே இருக்கிறது. கீழே வாருங்கள். ஆதாமின் காலடியில் ஒரு எலி. எட்டும் தூரத்தில் ஒரு பூனை, அரைத்தூக்கத்தில். தூரத்தில், வலது மேல் மூலையில், ஒரு பாறை விளிம்பில் மலையாடு ஒன்று நிற்கிறது, நகத்தளவு உருவம். பழம் கைமாறிய மறுநொடி பூனை எலியைப் பிடிக்கும், ஆடு விழலாம். இன்னும் எதுவும் நடக்கவில்லை.

நான் இந்தப் படத்தை முதன்முதலில் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த ஆட்டைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. கண்டபிறகு, திரையை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

பூனையையும் எலியையும் பேசும்போது மாமல்லபுரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பெரிய பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் ஒரு பூனை, அதைச் சுற்றி எலிகள். அங்கே பயப்படவேண்டியது எலிகள், அவைதான் நம்பி வந்து நிற்கின்றன. ட்யூரரின் பூனை தூங்குகிறது, பல்லவச் சிற்பியின் பூனை தவசி வேஷம் போடுகிறது. அடுத்த முறை போகும்போது அந்தப் பூனையின் முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

ஐந்தாம் படி: இப்போது பொருள்கள்

சரி, இனி குறியீட்டு அகராதியைத் திறக்கலாம். மூன்றே மூன்று பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறொரு எச்சரிக்கையைத் தருகிறது.

பழம். விலக்கப்பட்ட கனி ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவே இல்லை. லத்தீன் மொழியில் ‘மாலும்’ என்ற சொல் உச்சரிப்பில் சிறு வேறுபாட்டோடு ஆப்பிளையும் தீமையையும் குறிக்கும், அந்தச் சொல்விளையாட்டு ஆப்பிளுக்குப் பலம் கொடுத்தது. ஆனால் வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்தது அத்திமரம். அதற்கும் காரணம் இருக்கிறது: கனியை உண்டபின் இருவரும் அத்தியிலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டதாகக் கதை சொல்கிறது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரப் பலிபீட ஓவியத்தில், 1432-இல் முடிந்தது, ஏவாள் கையில் இருப்பது சொரசொரப்பான தோலுடைய எலுமிச்சைவகைப் பழம், நம் நார்த்தங்காய் மாதிரி. ஆகவே படத்தில் என்ன பழம் என்று உற்றுப்பாருங்கள். ஓவியரின் நாடும் காலமும் அதில் தெரியும்.

பாம்பு. மசோலினோவின் பாம்புக்குப் பெண் தலை. மைக்கேலாஞ்சலோவின் பாம்பு இடுப்புக்கு மேல் முழுப் பெண். வியன்னாவில் இருக்கும் ஹூகோ வான் டெர் கூஸின் படத்தில் அது கால் உள்ள பல்லிபோல் நிமிர்ந்து நிற்கிறது, முகம் பெண் முகம். கால் இருப்பது நியாயம்தான்: வயிற்றால் ஊரும் சாபம் பிறகுதான் வருகிறது. பெண் முகத்துக்கு 12-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் பீட்டர் கொமெஸ்டர் ஒரு விளக்கம் எழுதினார்: இனம் இனத்தோடு சேரும் என்பதால் சாத்தான் கன்னிமுகமுள்ள பாம்பைத் தேர்ந்தெடுத்தான் என்று. இங்கே நான் நிறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கவர்ந்து இழுப்பதென்றால் பெண் முகம், இழுபடுபவன் ஆண் என்ற இந்தக் கணக்கு நூற்றுக்கணக்கான படங்களில் ஓடுகிறது. கராச்சியின் இன்பம்கூட அதே வார்ப்புதான். படம் சொல்வதை வாசிப்பது வேறு, அதற்குத் தலையாட்டுவது வேறு. ஏவாளுக்கும் தடுமாற்றம் இருந்திருக்குமே, அவள் ஏன் எந்தப் படத்திலும் தலையைச் சொறிவதில்லை என்று கேட்டுப்பாருங்கள்.

ஆந்தை. நம் ஊரில் அபசகுனம், பண்டைய ஏதென்ஸில் அறிவின் பறவை. இரண்டையும் பாஷின் மேல் ஒட்டினால் தப்பாகிவிடும். அவர் காலத்துப் பறவைபிடிப்பவர்கள் ஆந்தையைக் கண்ணியாகப் பயன்படுத்தினார்கள். பகலில் ஆந்தையைக் கண்டால் சின்னப் பறவைகள் கூச்சலிட்டுச் சூழும், பக்கத்துக் குச்சிகளில் பசை தடவியிருக்கும், ஒட்டிக்கொள்ளும். வழிப்போக்கனின் தலைக்கு மேலே மரத்தில் ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது, கிளையில் ஒரு சிறு பறவையும் உண்டு. இந்தத் தொழில் விவரம் தெரிந்தபின் மேலே பாருங்கள், அங்கே ஒரு சின்னச் சபலக் கதை தனியாக நடந்துகொண்டிருக்கும்.

ட்யூரரின் மிருகங்களுக்கும் இப்படி ஒரு பின்னணி உண்டு. நம் சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று. அக்கால ஐரோப்பியர்களுக்கு நான்கு உடல்நீர்மங்கள், நான்கு குணங்கள். மானினத்துப் பெருவிலங்கு சோகம், எருது மந்தம், முயல் உல்லாசம், பூனை கோபம் என்று கலை வரலாற்றாளர்கள் வாசிக்கிறார்கள். கனியை உண்ணும்வரை மனிதனில் நான்கும் சமநிலையில் இருந்தன என்பது அக்கால நம்பிக்கை.

ஆறாம் படி: யார் பார்ப்பதற்காக

கராச்சியின் கர்தினாலைப் பார்த்தோம். இன்னும் கனமான உதாரணம் பிரான்ஸின் கோல்மார் நகரில் இருக்கும் ஈசன்ஹைம் பலிபீடம். மத்தியாஸ் க்ரூனேவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையில் தீட்டியது. அதில் ஒரு பலகை, வனத்து அந்தோனியாரின் சோதனை. பேய்கள் அவர் முடியைப் பிடித்து இழுக்கின்றன, கடிக்கின்றன, அடிக்கக் கை ஓங்குகின்றன. பொன்னும் பெண்ணும் இந்தப் படத்தில் இல்லை, வலி மட்டும்தான் இருக்கிறது. கீழே மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தில் லத்தீன் வரி: நல்ல இயேசுவே, எங்கே இருந்தீர், என் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை என்று.

ஈசன்ஹைம் மடத்துத் துறவிகள் ‘அந்தோனியார் நெருப்பு’ என்ற நோய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள். கம்பு போன்ற ஒரு தானியத்தில் வரும் பூஞ்சையால் உண்டாகும் நோய். கை கால் எரியும், அழுகி விழும். படத்தின் இடது கீழ் மூலையில் வயிறு வீங்கி, தோலெல்லாம் புண்ணாக ஓர் உருவம் கிடக்கிறது. நோயாளிகள் அதைப் பார்த்துத் தங்களை அடையாளம் கண்டிருப்பார்கள். அவர்களுக்கு வந்த சோதனை, நம்பிக்கையை விட்டுவிடலாமா என்பது. ‘நன்றாக இறக்கும் கலை’யின் ஐந்தில் இரண்டாவது.

ஏழாம் படி: வேறொரு மரபோடு உரசிப் பாருங்கள்

ஒரே மரபுக்குள் இருந்தால் கண் பழகிவிடும். பௌத்த மரபில் வரும் மாரனின் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். போதிமரத்தடியில் அமர்ந்த புத்தரைக் கலைக்க மாரன் படையோடும் மகள்களோடும் வருகிறான். அஜந்தாவின் 26-ஆம் குகையில் இது பெரிய புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. புத்தரின் வலக்கை கீழே இறங்கி, விரல் நிலத்தைத் தொடுகிறது. பூமி சாட்சி. இதுவரை பார்த்த கைகளோடு இந்தக் கையை ஒப்பிடுங்கள். சுற்றிலும் ஆரவாரம், இந்தக் கையில் ஊசலாட்டமே இல்லை. சபலம் உண்டு, சலனம் இல்லை.

அதற்கும் முந்தைய சாஞ்சி ஸ்தூபத்தில், வடக்கு வாயிலின் உத்தரத்தில் இதே காட்சி வருகிறது. அங்கே புத்தரின் உருவமே கிடையாது. மரமும் அதன் கீழே வெறும் ஆசனமும், எதிரே மாரனின் கூட்டம். இழுக்க வந்தவர்களுக்குப் பிடிக்க ஒரு உடம்பே இல்லை.

கடைசிப் படி: நீங்களே எழுதிப் பாருங்கள்

மூன்று வாக்கியம் போதும். கை என்ன செய்கிறது? எந்த நொடி? எது இழுக்கிறது? இதை எழுதி முடித்தபிறகுதான் மற்றவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு படம் தருகிறேன். கரவாஜியோவின் ‘மத்தேயுவின் அழைப்பு’, 1599-1600-இல் தீட்டியது. ரோமில் சான் லூயிஜி தேவாலயத்துக்குள், முதலில் மாட்டிய அதே சிற்றாலயத்தில் இன்றும் இருக்கிறது. வரி வசூலித்துக்கொண்டிருந்த மத்தேயுவை இயேசு தன் சீடராக அழைக்கும் காட்சி. வரி வசூலிப்பவர்களின் மேசை. ஐந்து பேர். வலப்பக்கம் இருட்டிலிருந்து இயேசு கையை நீட்டுகிறார், அந்தக் கை சிஸ்டைன் கூரையில் படைக்கப்படும் ஆதாமின் கையைப்போலவே தளர்ந்திருக்கிறது. நடுவில் தாடிக்காரர் ஒருவர் விரலால் சுட்டுகிறார். ‘என்னையா?’ என்று தன்னையே காட்டுகிறார் என்றுதான் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள், அவர்தான் மத்தேயு என்கிறார்கள். அதே சிற்றாலயத்தின் மற்ற இரண்டு படங்களிலும் மத்தேயுவுக்குத் தாடி உண்டு, இது பலமான சான்று. வேறு சிலரோ, ‘இவனையா?’ என்று அந்த விரல் மேசையின் கோடியில் இருக்கும் இளைஞனைக் காட்டுகிறது, மத்தேயு அவன்தான் என்கிறார்கள்.

விரலின் நுனியிலிருந்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பிறகு அந்த இளைஞனிடம் போங்கள். எல்லோர் முகத்திலும் வெளிச்சம் விழுந்துவிட்டது. அவன் தலை நிமிரவில்லை, அவன் கை இன்னும் காசின் மேல் இருக்கிறது.